கேட்டுக்கு நேரா நிக்கிற வேம்பு

...அதான் சொல்றேன், வெட்டவும் முடியல, வெட்டாம இருக்கவும் முடியல. நீ கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, மேல காக்கா இருக்குது, எச்சம் போடும். இந்த வேப்ப மரத்தால நான் படற பாடு இருக்குதே... எம்புள்ள செம்பியன் லோடு ஆட்டோ வாங்கினான். காம்பவுண்ட ஒடச்சு பெரிய கேட்டு வச்சோம். கேட்டுக்கு நேரா இது நிக்குது. வண்டி ரோட்டுல கெடக்குது. போன வாரம் எவனோ பேட்டரிய கழட்டிக்கினு போயிட்டான். மரம் போவலன்னா மஞ்சக்குப்பத்துல வாடகைக்குப் போறேன்றான் புள்ள. பொண்டாட்டி, கொழந்தைய கூட்டிக்கினுதான் போவான், பின்ன? பேத்தி சத்தம் இல்லாம எனக்குப் பொழுது விடியுமா?

சும்மா வெட்டிட முடியாது. ரோட்டோர மரம், சர்க்கார் மரம். பசுமைக் குழுன்னு இருக்குது, அவுங்க வந்து பாத்து உத்தரவு குடுத்தாதான் கை வைக்கலாம். இந்தச் சட்டமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேளேன். நாலு வருசம் முன்ன பக்கத்து வீட்டு தேவநாதன், காரு நிறுத்த எடமில்லன்னு இதே மரத்த வெட்ட ஆள் கூட்டியாந்தாரு. வுடுவேனா? திங்கக்கெழம மனு நாள்ல மொத ஆளா போயி நின்னு அழுதேன். பாதி நெசம், பாதி சும்மா. அதிகாரி அம்மா நேர்ல வந்து, வெள்ளப் பெயிண்டுல நம்பர் போட்டு, வெட்டினா கேசுன்னு சொல்லிட்டுப் போனாங்க. தெருவே எனக்கு டீ வாங்கிக் குடுத்துச்சு.

அதோட வுட்டிருக்கலாம். நான் ஊருக்குப் போற நேரமாப் பாத்து வெட்டிடுவாரோன்னு ஒரு பயம். பீரோவுல இருந்த மஞ்சப் பொடவைய எடுத்து மரத்துல சுத்தினேன். குங்குமம் வச்சேன், சூலம் நட்டேன். அம்மன் கனவுல வந்தாள்னு அவரு காதுல வுழற மாதிரி ஒரு வார்த்த சொல்லி வச்சேன். மறுநாள் மொத தேங்கா ஒடச்சதே அவருதான். இப்ப பரங்கிப்பேட்டையிலேர்ந்துகூட ஆளுங்க வராங்க.

இப்ப நானே போயி, வெட்டணும்னு மனு குடுத்தேன். அதே அதிகாரி அம்மா. ஏற எறங்கப் பாத்தாங்க. இருந்தாலும் நல்லவங்க, பத்து கன்னு நட்டுட்டு வெட்டிக்கோன்னு உத்தரவு குடுத்துட்டாங்க. நேத்து ரம்பக்காரன் வந்தான். பொடவையப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கினான். "நீங்களே அவுத்துக் குடுங்கம்மா, அப்புறம் தொடறேன்"னுட்டான். தேவநாதன் வாசல்ல நின்னு சிரிக்கிறாரு.

நான் போட்ட முடிச்சுதான். கை வரணுமே... எம்மருமவ இலக்கியா கொழந்த இல்லாம ஏங்கிக் கெடந்தா. இதுல தொட்டில் கட்டின பொறவுதான் பேத்தி வந்தா. கனவு பொய்யின்னு எனக்குத் தெரியும். பேத்தி பொய்யில்லையே.

இன்னிக்கு அவுத்துடணும்னுதான் நிக்கிறேன். ரம்பக்காரன் டீக் கடைக்குப் போயிருக்கான், வந்துடுவான்... ஆமா, நீ யாரு வீட்டுக்கு வந்தே கண்ணு? அப்போ புடிச்சு நானேதான் பேசறேன். பையில என்னா... தொட்டிலா?

கல்யாணமாயி எத்தினி வருசம் ஆச்சு?

...ம். சரி, கண்ணத் தொடச்சுக்கோ.

அந்தக் கெளையில கட்டாத, அது காஞ்சது. இப்படி வா, இது பச்சக் கெளை. இன்னொரு முடிச்சு போடு, காத்துல அவுந்துடும்.

டேய் செம்பியா, அந்த ரம்பக்காரனுக்கு இன்னொரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடு. என் கட்டில இங்க ரோட்டுல போடு, வண்டிக்கு நான் காவலு இருக்கறேன்.