ஸாம்ப்ராத்தி கடைச் சுவத்துல ஒரு ஓட்டை

...பட்டுச்சா? நல்லாப் பட்டுச்சா? அதான் சொன்னேன், முழங்கைய உள்ள இழுத்துக்கன்னு! கேட்டியா? அடுக்களைக் கதவு தம்பி அது. ரோஸான் வெளிய வர்றப்பல்லாம் காலால ஒரு உதை. இருபத்தாறு வருசமா இங்க பரிமாறுறா, கையில நாலு தட்டு, வாயில ஆறு வசவு. மன்னிப்புக் கேப்பான்னு பாக்காத. கேக்க மாட்டா. தேய்ச்சு விட்டுக்க.

எனக்கு இது அஞ்சாவது வாரம். இந்தக் கையப் பாரு... கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருச்சு. அந்தப் பக்கம் கதவு, இந்தப் பக்கம் கக்கூஸு. நடுவுல நான், இந்த ஒத்தக்கால் ஸ்டூல்ல. எழுபத்து மூணு வயசு! நுன்ஸியோ கருச்சியோன்னா இந்த இத்தாலிக்காரத் தெருவுல எவனுக்குத் தெரியாது? பாதி வீட்டுக் குழாய் நான் மாட்டுனது. நாப்பத்தோரு வருசமா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு எனக்குன்னு ஒரு மேசை இருந்துச்சு இந்தக் கடையில. அதோ, மூலையில, சுவத்தோரமா. இப்ப யாரு உக்காந்திருக்கான் பாரு. அரைக்கால் சட்டை! ஸ்பகெட்டியக் கத்தி வச்சு வெட்டுறான் தம்பி... கத்தி வச்சு! முன்னெல்லாம் எங்க ஊர்ல இதுக்காகக் கல்யாணத்தையே நிறுத்திருக்காங்க.

பாரு பாரு, இப்ப எந்திரிப்பான்... எந்திரிச்சானா? விரல நீட்டுவான்... நீட்டுனானா? ஓட்டைக்குள்ள விட்டானா? பொண்டாட்டி போட்டோ எடுக்குறா. ஏசுவோட விலாவுல தோமையார் விரல விட்ட மாதிரி, தெனம் நாப்பது பேரு. வாய வேற தொறந்து வச்சுக்குறாங்க. சாமியார் வந்தாரு போன வாரம், பங்குச் சாமியார், அவரும் விட்டாரு! கோயில்ல இப்பிடி ஒரு ஓட்டை இருந்தா உண்டியல் நெறஞ்சிருமேன்னு அவருக்கு ஒரு ஏக்கம்.

நீயும் அதுக்குத்தானே வந்திருக்க? சும்மா தலையாட்டாத, மூஞ்சியிலயே எழுதியிருக்கு. பேப்பர்ல படிச்சிருப்ப. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவத்து ரெண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, பாட்ஸிங்கிற தாதா, பழுப்புத் தொப்பி, சாப்புட்டுக்கிட்டே இருக்கப்ப மூணு பேரு உள்ள வந்து... டுமீல். குண்டு இன்னும் சுவத்துக்குள்ளயே இருக்கு. அதானே படிச்ச?

அது குண்டு போட்ட ஓட்டையே இல்ல தம்பி.

மெதுவா... மெதுவா! அவனுக்குக் கேட்டுறப் போவுது, பாவம், எங்கிருந்தோ வண்டி ஓட்டிட்டு வந்திருக்கான். அது நான் போட்ட ஓட்டை. எழுவத்தொம்பதுல குழாய் எங்க போவுதுன்னு தெரியாம துளை போடுற துரப்பணத்த வச்சுட்டேன். குழாய் அங்க இல்ல. இந்தக் கடைக்காரி ஐடாவோட அப்பா என்னப் பாத்தாரு, ஓட்டையப் பாத்தாரு, போப்பாண்டவர் படத்தக் கொண்டாந்து அது மேல மாட்டிட்டாரு. அவரு செத்து, பெயின்ட் அடிக்கப் படத்த எறக்கி, திருப்பி மாட்ட மறந்து... அவ்வளவுதான் வரலாறு.

ஏ ரோஸான்! இந்தத் தம்பிக்கு ரெண்டு கறி உருண்டை கொண்டா, மேசை கிடைக்கிற வரைக்கும்! என்னது? என் வாய்ல வச்சு அடைக்கவா? பாத்தியா, பாசம்.

எங்க விட்டேன்... ஆங். போன அக்டோபர்ல பேப்பர்க்காரப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. பழைய ஓட்டல்களப் பத்தி எழுதுதாம். ஐடா அடுப்படியில. வெளிய நானும், காது கேக்காத இன்னொரு கிழவனும், அவ்வளவுதான் கூட்டம். கடைய மூடிறலாமான்னு ஐடா பேசிக்கிட்டிருந்த நேரம் அது. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, இங்க என்ன விசேசம்னு. நான் சொன்னேன், கிரேவி. வியாழக்கிழமையே அடுப்புல ஏத்திருவா, பன்னி எலும்பு போட்டு, அவ பாட்டன் காலத்துச் சட்டியில. 'எல்லா ஓட்டல்லயும் அதத்தான் சொல்றாங்க சார்'ங்குது. சொல்லிட்டு... நோட்ட மூடிருச்சு தம்பி! நோட்ட மூடிருச்சு! ஸாம்ப்ராத்தி கடையில உக்காந்துக்கிட்டு! எனக்கு எப்பிடி இருக்கும்? வாய் தானாத் தொறந்துச்சு. 'அந்த ஓட்டையப் பாத்தியாம்மா?'ன்னேன்.

அப்புறம் நிறுத்தவே முடியல. பேரு கேட்டுச்சு. பாட்ஸின்னேன். அந்தக் காலத்துல இந்தத் தெருவுல கல்லெறிஞ்சா ஒரு பாட்ஸி மண்டையிலதான் விழும். தொப்பி என்ன கலருன்னுச்சு. பழுப்புன்னேன். நீங்க பாத்தீங்களான்னுச்சு. பத்து வயசு, இந்தா இந்தக் கண்ணால பாத்தேன்னேன். முயல் கறி தின்னுக்கிட்டிருந்தாருன்னேன். யாராவது முயல் கறியப் பத்திக் கேட்டாங்களா? இல்ல! நானாச் சொன்னேன்!

ஒரே வாரம். வரிசை தெருமுனை வரைக்கும். ஐடா என்னப் பாத்த பார்வை இருக்கே... ஆனா ஒண்ணும் சொல்லல, கடை நெறஞ்சிருக்கே. என் மேசை போச்சு, வேற மேசை குடுத்தா. சரி, போவட்டும். பொலம்பிக்கிட்டேதான் இருந்தேன், ஆனா உள்ளுக்குள்ள குளுகுளுன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாதுல்ல.

சிரிக்காத. இனிமேத்தான் இருக்கு.

ஈஸ்டர் முடிஞ்ச நேரம். ஒரு அம்மா வந்தாங்க. ஃபிலிஸ். எழுவது எழுவத்தொண்ணு வயசு. கையில வெள்ளக் கார்னேஷன் பூவு. அந்த ஓட்டைக்குக் கீழ வச்சுட்டு, ஐடாகிட்ட வந்து சொல்றாங்க, 'எங்கப்பா பேரு பாட்ஸி. பழுப்புத் தொப்பி போடுவாரு. அறுவத்து ரெண்டுல வேலைக்குப் போனவரு வீடு திரும்பல.'

ஐடா கையில கரண்டி. அப்பிடியே நிக்கிறா.

நான் எந்திரிச்சு ஓடிருக்கணும். அந்தம்மா நேரா என்கிட்ட வந்து, கையப் புடிச்சுக்கிட்டு, 'நீங்கதானே பாத்தீங்க? வலிச்சுச்சா அவருக்கு?'ன்னாங்க. என்ன சொல்லச் சொல்ற? 'இல்லம்மா. சிரிச்சுக்கிட்டிருந்தாரு. இன்னொரு தட்டு கேட்டாரு'ன்னேன். தலையாட்டுனாங்க. உக்காந்து சாப்புட்டாங்க. அடுத்த வெள்ளியும் வந்தாங்க. அதுக்கடுத்த வெள்ளியும். பூவோட.

ஐடா என்ன அடுக்களைக்குள்ள இழுத்துட்டுப் போனா. 'யோவ் நுன்ஸியோ, கடைய மூடுனாலும் பரவால்ல, செத்துப்போன எங்கப்பா மேல சத்தியமா இந்தப் பாவம் எனக்கு வேணாம். நீ அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்ற வரைக்கும் உனக்கு மேசை கிடையாது, கக்கூஸ் பக்கத்துலதான் உக்காருவ'ன்னுட்டா. அதான் இந்த ஸ்டூலு. தண்டனை! அஞ்சு வாரம்!

சொன்னேன்யா. போன வெள்ளி சொல்லிட்டேன். ரெண்டு கிளாஸ் ஒயினு உள்ள போட்டுக்கிட்டு, போயி எதிர்ல உக்காந்து, எல்லாம் சொன்னேன். துரப்பணம், பேப்பர், போப்பாண்டவர், எல்லாம். கன்னத்துல அறைவாங்கன்னு மூக்குக் கண்ணாடியக் கழட்டி வேற வச்சுட்டேன்.

அந்தம்மா ரொட்டியப் பிச்சு கிரேவியில தொட்டுக்கிட்டே, 'தெரியும்'ங்குறாங்க.

தெரியுமாம்! மொத நாளே தெரியுமாம்! 'வெள்ளிக்கிழமைன்னு சொன்ன, முயல் கறின்னு சொன்ன. அந்தக் காலத்துல ஏசு செத்த கிழமைன்னு வெள்ளிக்கிழமை எந்தக் கத்தோலிக்கன்யா கறி தின்னான்? எங்கப்பா பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு ஓடுவாரு, வெள்ளிக்கிழமை கறி தின்ன மாட்டாரு'ன்னாங்க. நான் எழுவத்து மூணு வருசக் கத்தோலிக்கன், எனக்குத் தோணல பாத்தியா!

ஓடித்தான் போயிருக்காரு தம்பி. கிளீவ்லாண்டுக்கு. ஒரு பொம்பளையோட. அங்க ரெண்டு பசங்க. எம்பத்தெட்டுல, அந்தப் பசங்கள்ல ஒருத்தன் கடுதாசி போட்டிருக்கான், அப்பா செத்துட்டாருன்னு. ஃபிலிஸ் அத யாருகிட்டயும் காட்டல. அம்மாகிட்டயும் காட்டல, அக்காகிட்டயும் காட்டல. ஒளிச்சு வச்சுட்டாங்க. அப்ப எதுக்கும்மா பூவோட வர்றீங்கன்னு கேட்டேன். தட்டுல மிச்சமிருந்த கிரேவிய ரொட்டியால வழிச்சுத் தின்னாங்க. அப்புறம், 'நீ சொன்னதுல அவரு எங்கள விட்டுட்டுப் போகல. வீட்டுக்கு வர வழியில செத்துட்டாரு'ன்னாங்க.

ஒயின ஊத்திக் குடுத்தேன்.

முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். எங்க முடிஞ்சுச்சு! கிளம்புறப்ப சொல்றாங்க, 'அடுத்த வாரம் எங்க அக்காவக் கூட்டிட்டு வரேன். அசுந்தா. எழுவத்தொம்பது வயசு. அப்பா போனப்ப அவளுக்குப் பதினஞ்சு. படிப்ப விட்டுட்டு கோட்டு தைக்கப் போனா, என்னப் படிக்க வைக்க. இன்னிக்கு வரைக்கும் வீட்டுல அவரு போட்டோ ஒண்ணு கிடையாது, அவரு பேரச் சொன்னாக் காறித் துப்புவா. அவளுக்கு நீ சொல்லணும். நல்லாச் சொல்லணும்'னு. சொல்லிட்டு விரல ஆட்டி, 'மீனுன்னு சொல்லு. கருவாட்டு மீனு. அது அவருக்கு உசுரு'ன்னாங்க.

ஐடாகிட்ட இத இன்னும் சொல்லல. உண்மையச் சொல்லிட்டேன்னு மட்டும் சொன்னேன். அவ, 'ஆம்பளயா இன்னிக்குத்தான் நடந்துக்கிட்ட'ன்னு கன்னத்துல முத்தம் குடுத்தா. மேசைய மட்டும் அடுத்த வாரந்தான் தருவாளாம், இந்த வாரத்துக்கு ஏற்கெனவே ஆள் பேசிட்டாங்களாம். இன்னிக்கு நான் போயி அதே பொய்ய அலங்காரம் பண்ணித் திரும்பச் சொன்னா, கரண்டியக் காய்ச்சியே சூடு போடுவா. சொல்லலன்னா... ஒரு கிழவி செத்தவன் மேல காறித் துப்பிக்கிட்டே சாகப் போறா. நீ சொல்லு. நீ படிச்சவன் மாதிரி இருக்க. என்ன செய்வ? ம்? தோள குலுக்குற. அதான், எல்லாரும் தோளத்தான் குலுக்குறீங்க. சாமியார்கிட்டக் கூட கேட்டேன், அவரும் குலுக்குனாரு.

இரு, இரு... வந்துட்டாங்க. கையில பூவு இருக்கே, அதான் ஃபிலிஸ். கூட ஊன்றுகோலோட... ஆத்தாடி, என்னா மூஞ்சிடா அது. வெங்காயம் மாதிரி இறுக்கிக் கட்டிருக்கு. எதையும் நம்பாத மூஞ்சி. கடைய ஒரு பார்வை பாக்குது பாரு, சுகாதார அதிகாரி மாதிரி. உக்காருது. அந்தச் சுவத்தப் பாக்குது... ஓட்டையப் பாக்கல. அதப் பாக்கக் கூடாதுன்னே பாக்காம இருக்குது.

ஏ ஐடா, அங்க நின்னு பாக்காத, உள்ள போ, கிரேவி அடிப்புடிக்கப் போவுது!

சட்டைக் காலரு சரியா இருக்கா? சரி. வழி விடு தம்பி. அவங்கப்பா உசுரோட இருந்து ஒரு நல்லதும் பண்ணல. நான் போயி அவர ஒழுங்கா சாகடிச்சிட்டு வரேன்.