குட்டைப் பயறு

பயற்றங்கொடிக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவதுதான் நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. சாயங்காலம் ஊற்றினால் வேர் அழுகும். நீங்கள் மாரியாயியைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதைச் சொல்ல அவள் புருஷன் நாகையாவிடமிருந்து தொடங்க வேண்டும். அவனுக்கும் முன்னால் என் பயற்றிலிருந்து.

நான் பங்சார் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் தோட்டக்காரன். பூ விரிவதற்கு முந்தின சாயங்காலம் மொட்டைக் கீறி, மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, விடிந்ததும் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவும் வித்தையைத் துரைதான் கற்றுக்கொடுத்தார். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக் கொல்லையில் அதைச் செய்து பார்த்தேன். தாய், ஊரிலிருந்து கப்பலில் வந்த குத்துப்பயறு, முழங்கால் உயரம். தகப்பன், இந்த ஊர்க் கொடிப்பயறு. பிறந்த பிள்ளை இரண்டையும் மிஞ்சியது. பந்தலைத் தாண்டிக் கூரையில் ஏறிக் காய்த்துத் தள்ளியது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்தக் கொடியைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

அதன் விதையை மறுபோகம் போட்டேன். அங்கங்கே குட்டை முளைத்தது. கொடி வீசியதிலும் பாதி சோனி. கலப்பில் வரும் வீரியம் முதல் தலைமுறையோடு சரி, அப்புறம் பழைய குணமெல்லாம் பிரிந்து வரும் என்றார் துரை. நல்ல மனுஷர், ஆனால் விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? யாரோ என் பூவில் கை வைத்திருக்கிறார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் குத்துப்பயறு போட்டிருந்தவன் ரயில்வே கூலி நாகையா. என் குட்டைச் செடிகளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, ராசா வீட்டுப் புள்ளைன்னீங்க. எங்க வீட்டுப் புள்ள மாதிரியில்ல இருக்கு?"

அவனே ஒப்புக்கொண்ட மாதிரிதான். மண்வெட்டியின் பின்புறத்தால் நெற்றியில் ஒரு போடு போட்டேன். விழுந்த பிறகும் கால் உதைத்துக்கொண்டு பாத்தியை மிதித்தது. அதனால் மண்டை பிளக்கும்வரை அடிக்க வேண்டியதாயிற்று. இலைகளில் தெறித்த இரத்தத்தைக் கழுவிவிட்டு, அவனைத் தண்டவாளத்தில் கிடத்தினேன். கிள்ளானுக்குப் போகிற ரயில் அவன்மேல் ஏறியது. கள்ளைக் குடித்துவிட்டு விழுந்தான் என்றார்கள். கருமாதிச் சமையலுக்கு என் பயற்றங்காயைத்தான் கொடுத்தேன்.

நல்ல கொடியாகப் பார்த்து விதை எடுத்தும் அடுத்த போகத்திலும் குட்டை வந்தது. நாகையாதான் இல்லையே. கறிவேப்பிலை பறிக்க என் கொல்லைக்குள் வந்து போனவள் மாரியாயி. அவளை முதலிலேயே நினைக்காதது என் புத்திக் குறைவு. கூப்பிட்டுக் கேட்டேன்.

"பூவைத் தொட்டு எனக்கு என்னண்ணே ஆவப்போவுது? தாலியறுத்தவ நான். விட்டுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

தப்பு செய்யாதவள் ஏன் கும்பிட வேண்டும்? பந்தல் கயிற்றைக் கழுத்தில் சுற்றி இறுக்கினேன். அவள் நகம் என் முகத்தைக் கிழித்தது. அந்தக் காயத்தைப் பார்த்துத்தானே பிடித்தீர்கள்.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே விதை போட்டுவிட்டேன். போய்ப் பாருங்கள் ஐயா, ஒன்றுகூடக் குட்டை வராது. வந்தால், மறுபக்கத்து வீட்டுப் பக்கிரிசாமியை நான் விட்டுவைத்தது பிசகு.