முன்கூட்டியே துவைக்கும் தேவதை

கும்மிடிப்பூண்டி செல்லும் ரயிலில் என் எதிரே அமர்ந்திருந்த இரு பெண்களும் இரும்பு ஆலையொன்றில் தொழிலாளர் சீருடைகளைத் துவைப்பவர்கள்.

"அயர்லாந்து பழங்கதையில ஒரு போர் தேவதை, சாவப்போறவன் ரத்தத் துணிய முன்னாடியே ஆத்துல துவைச்சிக்கினு இருக்குமாம்க்கா. எம்பொண்ணு காலேஜ்ல படிச்சா," என்றாள் இளையவள்.

"நாம ஆளு செத்தப்பறம் துவைக்கிறோம்."

"முன்னாடியுந்தான். இரும்பு உருக்குற ஃபர்னஸ் கோளாறுல செத்தாரே, அவரு சட்டைய நேத்து துவைச்சேன். புதுசா சேர்றவங்களுக்குத் தர எடுத்து வைக்கச் சொன்னாங்க."

மூத்தவள் நிமிர்ந்தாள். "எங்க ஊட்டுக்காரரு இன்னிக்குத்தான் ஃபர்னஸ்ல சேர்றாரு."

"அதான்க்கா சொல்றேன். அந்தச் சட்டைய வாங்க வேணாம்னு சொல்லு."

"சட்டைய உடுடி. ஃபர்னஸ சரிபண்ணாங்களா?"

"இல்லக்கா."

மூத்தவள் கணவரைக் கைப்பேசியில் அழைத்தாள். அது அணைக்கப்பட்டிருந்தது.

"உள்ள போறப்பவே கேட்ல ஃபோன வாங்கி வச்சிருப்பாங்கக்கா," என்றாள் இளையவள்.

மூத்தவள் மீண்டும் அழைத்தாள்.