நாற்பத்தொன்றாம் இழுப்பறை

இந்த நாற்காலி எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. முதுகுவலிக்காரனுக்கு நிமிர்ந்த சாய்மானம்தான் ஒத்துக்கொள்ளும். கேளுங்கள் இன்ஸ்பெக்டர், சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருபத்தேழு வருடமாகக் காப்பாளராக இருக்கிறேன். மாடியில் கற்கோடரிகள், மர முகமூடிகள். கீழ்த்தளத்தில் எலும்புகள். “உயிரோட இருக்கறவங்ககிட்ட உங்களுக்குப் பேச வராது” என்பாள் என் மனைவி. விளையாட்டாகத்தான்.

நாற்பத்தொன்றாம் இழுப்பறையில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருந்தாள். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியர், காட்டுக்குடி மக்களின் இடுகாட்டில் யாரையும் கேட்காமல் தோண்டி எடுத்து வந்தது. தாடையில் பால்பற்கள், அவற்றுக்கு அடியில், முளைக்கக் காத்திருந்த நிலைப்பற்கள். அத்தனை முழுமையான தாடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை தூரிகையால் நானே துடைப்பேன். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

போன வருடம் அவளுடைய அம்மா தேடி வந்தார். எழுபது வயதிருக்கும். திருப்பிக் கொடுத்துவிடும்படி நிர்வாகம் உத்தரவு போட்டது. எனக்கு ஒரு வாரம் இருந்தது. மாணவர்களுக்கு மாதிரி எலும்புகள் வார்க்கும் அச்சுகளில், உள்ளே கம்பி வைத்து, பிளாஸ்டர் ஊற்றி எலும்புகள் செய்தேன். தேயிலைச் சாயம் ஏற்றினேன். எடையைக்கூடச் சரிபார்த்தேன். அவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி ஆணியடித்து மூடினேன்.

“ஒரு தடவ தெறந்து பாக்கட்டுமாய்யா?” என்று கேட்டார் வாங்கிப்போக வந்த அந்த அம்மா.

“வேண்டாம்மா. உங்க மனசு தாங்காது.”

“நீங்க சொன்னா சரிதான்.” பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டார். “இத்தன வருசத்துல இவள யாராச்சும் தூக்குனாங்களாய்யா?”

“நான் தூக்கியிருக்கேன்மா.”

அதில் பொய்யில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை ஈரமானது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன்.

அவர்கள் அதை இடுகாட்டில் புதைத்தார்கள்; இந்த மழையில் குழி சரிந்து பெட்டி பிளந்துவிட்டது. எலும்புக்குள்ளிருந்து துருக்கம்பி நீட்டிக்கொண்டிருந்ததை அவருடைய மகன் பார்த்திருக்கிறார். அதுவரை உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சோதனைக்கு வரப்போவதாக அலுவலகத்தில் என் காதில் போட்டார்கள். இழுப்பறையைத் திறந்து, பணிமேசையில் துணி விரித்தேன். மரச்சுத்தியலே போதுமானதாக இருந்தது, சின்ன எலும்புகள்தானே. தாடையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. பொடியைக் கழுவுதொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு தொட்டியையும் தேய்த்துக் கழுவினேன்.

கோபத்தில் செய்யவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கையில் அவள் அல்லாட வேண்டாமே என்றுதான்.

அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறீர்கள். அவரிடம் சொல்லுங்கள், குழந்தை கடைசிவரை பத்திரமாகத்தான் இருந்தாள்.