கடைசி வண்டியின் குரல்

வழியாவும் இருந்து, வழிக்குத் துணையாவும் கூட வர்ற பரம்பொருளே, நீயே காப்பு. ம், இப்போ சொல்லுங்கம்மா, இந்த மைக் ஒயரை முன்பக்கம் சொருகணுமா, பின்பக்கமா? தப்பா நினைச்சுக்காதீங்க, எதைத் தொட்டாலும் அவன் பேரைச் சொல்லித் தொட்டே பழகிட்டேன். மைக் வேணும்னு கேட்டதும், என்ன பெரியவரே, கச்சேரியான்னு உங்க முதலாளி கேட்டாரு. கடையில அத்தனை பேர் முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. லாரி ஓட்டறேன்.

சிரிங்க, தாராளமா சிரிங்க. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டினவன் இல்ல நான். இந்த ஸ்டியரிங், கால்ல மிதிக்கிற பெடல், எல்லாம் என் பையன் வேலை கிடைச்சுப் போறப்ப விட்டுட்டுப் போனது. தூசி தட்டற சாக்குல ஒரு நாள் உக்காந்தேன். உக்காந்தவன் உக்காந்தவன்தான்.

ஐரோப்பாவுல சரக்கு லாரி ஓட்டற கம்ப்யூட்டர் விளையாட்டும்மா. சரக்கை ஏத்திக்கிட்டு நாடு விட்டு நாடு போகணும். ஒரு நாட்டுல லாரிக்கு வேகம் எம்பது, எல்லையைத் தாண்டினா தொண்ணூறு. ஊருக்குள்ள வந்தா அம்பது. பக்கத்துல கார்க்காரன் நூத்தி முப்பதுல பறப்பான், அவனுக்கு அது சட்டம், நமக்கு இது சட்டம். அவனைப் பார்த்து ஏங்கக் கூடாது. எல்லாரும் வலது பக்கம் போவாங்க. கப்பல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினா இடது பக்கம். முதல் தடவை நான் அது தெரியாம எதிர்ல வந்தவன் மடியிலேயே போய் ஏறிட்டேன். பட்டப் பகல்ல விளக்குப் போடலைன்னு ஒரு நாட்டுல அபராதம் வேற. வெயில் கொளுத்துது, எதுக்குய்யா விளக்குன்னு திரையைப் பார்த்துக் கத்தினேன். யாருக்குக் கேக்கும்?

அபராதம் போடறவன் யாருன்னு நினைக்கிறீங்க? ஆளே கிடையாது. யாரும் இல்லாத நாற்சந்தி, சிவப்பு விளக்கு, போனா என்னன்னு மெல்ல நகர்ந்தேன். டிங்குன்னு ஒரு சத்தம், அபராதம். எங்கிருந்தோ பார்த்துட்டான். கண்ணுக்குத் தெரியாம ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருக்கான்னு வாழ்நாளெல்லாம் பதிகத்துல படிச்சவன் நான். அன்னிக்குத்தான் உறைச்சுது. அதுலேர்ந்து விதி மீறறதில்ல. யாரும் இல்லாத சந்தியிலயும் நிப்பேன். பச்சை விழற வரைக்கும் ஒரு நாமம் சொல்லலாமே.

இல்லம்மா, தனியா ஓட்டறதில்ல. தனியாத்தான் தொடங்கினேன். இப்போ ஒரு கூட்டத்தோட போறேன். கான்வாய்னு சொல்றாங்க. ஆளாளுக்கு ஒவ்வொரு ஊர்ல உக்காந்துக்கிட்டு, எல்லாரும் நம்ம பாஷை பேசறவங்க, சாயங்காலமானா ஒரே ரோட்டுல வரிசையாப் போவோம். முந்தக் கூடாது, இடிக்கக் கூடாது. அவங்க பேசிக்கிட்டே ஓட்டுவாங்க. நான் கேட்டுக்கிட்டே ஓட்டுவேன். வண்டி நின்னா ரெண்டு வார்த்தை தட்டச்சுப் பண்ணிப் போடுவேன். எனக்கு ஆமைன்னு பட்டப்பேரு. ஏ ஆமை, பச்சை விழுந்து யுகம் ஆச்சு, முட்டை போட்டுட்டு வர்றியான்னு ஒரு பொடியன் கேப்பான். என் வயசு தெரிஞ்சா மயங்கி விழுந்துடுவான். முன்வண்டி ஓட்டறவன் மட்டும் எனக்காகப் பரிஞ்சு வருவான். ஆமையை விடுங்கடா, நம்ம கூட்டத்துல அபராதம் வாங்காம ஊர் சேர்றது அவர் ஒருத்தர்தான்னு. அவர்னு சொல்வான், கவனிச்சீங்களா. யாருன்னே தெரியாம மரியாதை.

அந்த மரியாதைதான் வினையா வந்து நிக்குது. இனிமே ஆமைதான் கடைசி வண்டின்னு முடிவு பண்ணிட்டாங்க. கடைசி வண்டின்னா சும்மா இல்லம்மா. வரிசை நீளம், முன்னால போறவனுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாது. ஒவ்வொரு சந்தியிலயும் கடைசி வண்டிக்காரன்தான் எல்லாரும் தாண்டியாச்சுன்னு குரல் கொடுக்கணும். ஓட்டிக்கிட்டே தட்டச்சுப் பண்ண முடியுமா? வாயால சொல்லணும். இன்னிக்குப் பேசலைன்னா கூட்டத்துல இடம் இல்லைன்னு அந்தப் பொடியன் கறாராச் சொல்லிட்டான். அதுக்குத்தான் உங்களை அவசரமாக் கூப்பிட்டேன்.

மைக் சரியாயிடுச்சா? பச்சை விளக்கு எரியுது, ஆமா. இந்த எழுத்தை அழுத்திப் பிடிச்சாத்தான் அங்க கேக்குமா? நல்லது. இப்போ நாம பேசறது கேக்காதே? நல்லதும்மா.

இன்னொண்ணு கேக்கணும். குரலை மாத்திக் காட்டற ஏதோ இருக்காமே, போட முடியுமா? கட்டைக் குரலோ கீச்சுக் குரலோ, எதுவா இருந்தாலும் சரி. என் குரலா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏன்னா... இருங்க, கிளம்பறாங்க. விளக்கைப் போட்டுக்கறேன். கியர். அறுபதுதான் இங்க. பாருங்க, எவ்வளவு அழகா வரிசை போகுது. அந்த வளைவுல தெரியுது பாருங்க, எல்லாத்துக்கும் முன்னால நீல வண்டி, அதுதான் முன்வண்டி.

அவன் என் பையன்மா.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. அவங்க அம்மா இருந்த வரைக்கும் ஃபோன் அவ கையிலதான் இருக்கும். அவன் சொன்னதை அவ எனக்குச் சொல்லுவா, நான் சொன்னதை அவனுக்குச் சொல்லுவா. அவ போய்ச் சேர்ந்தப்புறம் நாங்க ரெண்டு பேரும் நேரா பேச வேண்டியதாச்சு. சாப்பிட்டீங்களாப்பா? சாப்பிட்டேன். நீ? சாப்பிட்டேன். உடம்பு? இருக்கு. அப்புறம் ரெண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேக்கும். வச்சுடவாப்பா? வை. இவ்வளவுதான் எங்க பேச்சு. அதுவும் சுருங்கிப் பண்டிகைக்குப் பண்டிகைன்னு ஆயிடுச்சு. எந்நேரமும் இந்தக் கூட்டத்தோடதான் மாமா, அவர் கிடக்கறாருன்னு மருமகதான் ஒரு தடவை அலுத்துக்கிட்டா. கூட்டத்தோட பேரையும் சொன்னா. தேடி வந்து சேர்ந்தேன்.

சேர்ந்தப்புறம்தான் அவன் சிரிப்பையே முழுசாக் கேட்டேன். கப்பலுக்குக் காத்திருக்கிற நேரத்துல மனசு விட்டுப் பேசுவான். வேலை மாறினது, முதுகு வலி, எல்லாம் இங்கதான் தெரிஞ்சுது. உங்க அப்பா இருக்காரான்னு ஒரு நாள் எழுதிக் கேட்டேன். இருக்காரு, நல்ல மனுஷன்தான், ஆனா அவர்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியலை, ஃபோனை எடுத்துட்டு வச்சுடறேன்னான். அப்பாவைத் தவிர எல்லார்கிட்டயும் பேச வருதேன்னு தனக்குத் தானே சிரிச்சான். கப்பல் வந்து எல்லாரும் ஏறியாச்சு, நான் வண்டியை எடுக்கவே மறந்துட்டேன்.

இப்போ வாயைத் திறந்தா தெரிஞ்சுடும். ஒளிஞ்சிருந்து கேட்டீங்களான்னு வெளியே போயிட்டான்னா? அந்தச் சிரிப்பும் போயிடும். திறக்கலைன்னாலும் போயிடும்.

என்ன, குரல் மாத்தறதைப் போட்டுட்டீங்களா? எங்க, கேக்கறேன்... இது யாரு குரல்? பூதம் மாதிரி இருக்கு. இந்தக் குரல்ல நான் அவன்கிட்ட என்னத்தைச் சொல்றது? வேண்டாம்மா. எடுத்துடுங்க. சிரமம் கொடுத்துட்டேன். எடுத்துடுங்க.

சந்தி வந்துடுச்சு. கூப்பிடறான், கேக்குதா? கடைசி வண்டி, ஆமை, எல்லாரும் தாண்டியாச்சாங்கறான்.

இந்த எழுத்துதானே?

கடைசி வண்டி பேசறேன். எல்லாரும் தாண்டியாச்சு. யாரும் விட்டுப் போகலை.

சத்தத்தையே காணோமே. போகலையாம்மா? மைக்ல பச்சையாத்தானே எரியுது... அய்யய்யோ, அங்க பாருங்க. முன்னால ஒண்ணொண்ணா பிரேக் விளக்கு எரியுது. நீல வண்டி நின்னுடுச்சு.

நடு ரோட்டுல நிறுத்தக் கூடாதுப்பா. அது தப்பு. ஓரமாப் போ.

ஆமா. அப்பாதான்.

பேச ஒண்ணும் வேண்டாம். நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன். பிள்ளைங்களா, நீங்களும் வாங்க. ரோட்டுல இருக்கறவங்க, வீட்டுல காத்திருக்கறவங்க, இந்தக் கிழவன் குரல் யார் காதுல விழுந்தாலும் சரி, அவங்க அத்தனை பேரும் போற இடம் பத்திரமாப் போய்ச் சேரட்டும். நல்லா இருங்க.