பால் கசியும் கிளை

ஜன்னலோரம் நீங்கள் வைத்திருக்கும் அந்தச் செடிக்குத் தண்ணீர் அதிகமாகிவிட்டது, ஐயா. அடி இலைகள் ஊறிப்போய்க் கண்ணாடி மாதிரி தெரிகின்றன, பாருங்கள். கொண்டையை மட்டும் வெட்டியெடுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவையுங்கள். பிறகு வறண்ட மணலில் நட்டால் பிழைத்துக்கொள்ளும். ஈரம் காயுமுன் நட்டால் அழுகிவிடும். இந்த மாதிரிச் சதைப்பற்றான செடிகளைப் பெரும்பாலும் அக்கறையால்தான் சாகடிக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் லிபுஷே. இதே பிர்னோ நகரில், லெஸ்னா குடியிருப்பில், நாலாவது மாடியில் இருக்கிறேன். என் கணவர் வேலைக்காக ஆஸ்ட்ராவா நகரத்துக்குப் போனார். அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். அப்போது என் மகள் ஷார்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதன்பின் வீட்டில் நாங்கள் இருவரும், கண்ணாடி அடைத்த பால்கனி நிறையச் செடிகளும்தான். ஓர் இலையைக் காம்போடு திருகியெடுத்து மண்மேல் வைத்தால், அடியில் குருத்து விடும். குருத்து வளர வளர, அந்த இலை சுருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் சருகாகும். ஷார்காவுக்கு அதைக் காட்டித்தான் சோறூட்டினேன். என்னைப் பார்த்தால் உங்களுக்கே புரியும், எவ்வளவு சுருங்கியிருக்கிறேன் என்று.

அவள் நாடகக் கொட்டகையில் உடை தைக்கிறாள். மணி கோப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அங்கே விளக்கு வேலை பார்க்கிற ஹினெக் என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்துக்கறியும் முட்டைக்கோசும் சமைத்து இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன்.

"அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் நார்வேல வேலை கிடைச்சிருக்கு. பெர்கன்ல. ஒரே தியேட்டர்."

"போயிட்டு எப்ப வருவீங்க?"

ஹினெக் சிரித்தான். "மழை விட்டதும் வந்துடுவோம் அத்தை. ஆனா அந்த ஊர்ல மழையே விடாதாம்."

"அப்ப நானும் வரேன்."

"அங்க ஒரே ஒரு ரூம்தாம்மா," என்றாள் ஷார்கா. "உன் கள்ளியை உள்ள வச்சா நாங்க வாசல்லதான் படுக்கணும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நெஞ்சு வலிக்கிறது என்று ஆம்புலன்ஸ் வரவழைத்தேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். "இன்னொரு தடவை இப்படி நடிச்சே, அங்க போய் உனக்கு ஃபோன்கூடப் பண்ண மாட்டேன்," என்றாள் ஷார்கா. டிராம் நிறுத்தத்தில் ஹினெக்கின் கோட்டைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். "எழுந்திருங்க அத்தை, எல்லாரும் பாக்குறாங்க," என்று கெஞ்சினான். பார்க்கட்டுமே. எனக்கு அதைப் பற்றி என்ன?

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஷார்கா தானாகவே வந்து என் தோளில் சாய்ந்தாள். "உன் கள்ளில ஒரு கிளை வெட்டிக் கொடும்மா. அங்க வச்சுக்கறேன்."

கூரையை முட்டி வளர்ந்த முக்கோணக் கள்ளி அது. கத்தியைச் சாராயத்தில் துடைத்துக்கொண்டேன். அவள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கிளையைப் பிடித்தாள். வெட்டியதும் பால் பீறிட்டது. நெற்றியில் முடி விழுந்ததென்று அவள் புறங்கையால் ஒதுக்கினாள், கையுறையிலிருந்த பால் கண்ணில் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். அதில் என் தப்பு எதுவுமில்லை. அவளைக் கேட்டால் அவளே சொல்வாள்.

கண்ணைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. மேல்புண்தான், ஆறிவிடும் என்றார் டாக்டர். சொட்டு மருந்து கொடுத்தார், வெளிச்சம் படாமல் இருக்கச் சொன்னார். வேலை காத்திருக்காது என்று ஹினெக் மட்டும் முதலில் போனான்.

அந்த நாட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். திரையை இழுத்துவிட்டு வானொலி போட்டுவைப்பேன். உருளைக்கிழங்கு சூப்பை ஊதி ஊதி ஊட்டுவேன். தலை குளிப்பாட்டுவேன். என் கையைப் பிடிக்காமல் அவளால் பாத்ரூமுக்குப் போக முடியாது. தூக்கம் கலைந்தால் முதல் வார்த்தை, "அம்மா, இருக்கியா?" என்றுதான் வரும். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை ஐயா, என் வாழ்க்கையில் ஒருவர்கூட.

ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுபோனேன். "அம்மா, உன் கவுன்ல பூ போட்டிருக்கு. மஞ்சப் பூ. எனக்குத் தெரியுதும்மா!" என்று கட்டிக்கொண்டாள். உடனே ஹினெக்குக்கு ஃபோன் போட்டாள். "அடுத்த வாரம் வந்துடுவேன். ஒரு குடை வாங்கி வை," என்று சிரித்தாள்.

நான் பால்கனிக்குப் போனேன். வெட்டிய கிளை பேப்பர்மேல் கிடந்தது, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்திருந்தது. நடுவதற்குச் சரியான பதம். பிறகு பெரிய செடியை நகத்தால் கீறினேன். மருந்துக் குப்பி என் மேலங்கிப் பையிலேயே இருந்தது.

மிகவும் கொஞ்சம்தான் கலந்தேன். நான் கொடுமைக்காரி இல்லை.

அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு யர்மிலா வந்து கதவைத் தட்டினாள். ஷார்காவின் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "புண் ஆறுற வலி கண்ணு, பொறுத்துக்கோ," என்றேன். டாக்டர் குழம்பிப்போனார். மருந்தை மாற்றினார். புதுக் குப்பியும் என்னிடம்தான் இருந்தது. பொறுமையாகத்தான் செய்தேன். ஆறப் பார்க்கும்போது மட்டும் ஊற்றுவேன், அவள் மறுபடியும் என் கையைத் தேடுவாள்.

ஹினெக் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். அவன் முன்னாலேயே மருந்து ஊற்றினேன், மறைக்க எதுவுமில்லை என்று காட்ட. ஒரு சொட்டு வழிந்து அவள் உதட்டில் பட்டது.

"எரியுது," என்றாள் ஷார்கா. "கண் மருந்து வாயில பட்டாக்கூட எரியுமா, ஹினெக்?"

அவன் குப்பியை வாங்கித் தன் நாக்கில் தொட்டுவைத்தான். உடனே துப்பினான். என்னைப் பார்த்தான், பால்கனிப் பக்கம் பார்த்தான். அவளை அப்படியே போர்வையோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினான். நான் நாலு மாடியும் பின்னாலேயே ஓடினேன், அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு.

இடது கண் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியுமாம். நேற்று வார்டுக்குப் போனேன்.

"யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான் கண்ணு."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "சிஸ்டர், அவங்களை வெளிய போகச் சொல்லுங்க."

'அவங்களை' என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை 'நீ' என்றுதான் பேசியிருக்கிறாள். வலியில் இருக்கிறாள், அதுதான். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆமாம், குப்பியில் கலந்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான். தெரிந்தேதான் செய்தேன், யாரும் தூண்டவில்லை. வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சீக்கிரம் முடித்து என்னை அனுப்பிவிடுங்கள். ஹினெக் சின்னப் பையன், ஒரு குருட்டுப் பெண்ணை எவ்வளவு காலம் தாங்குவான்? அவள் என் வீட்டுக்குத்தான் வருவாள். அவளுடைய அறையிலிருந்த தையல் மேசையையும் நாற்காலியையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன், அலமாரி முனையில் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறேன். அவள் எதிலாவது இடித்துக்கொண்டால் என்னால் தாங்க முடியாது, ஐயா.