பெயர் எழுதாத கண்ணாடி

இரவு இரண்டு மணி. ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாலை. ஒரு நாய்கூட இல்லை... என் நண்பனின் மச்சான் மட்டும் வண்டியில் போகிறான். அவசரமாக ரத்தம் பார்க்கணும் என்று லேப்பிலிருந்து போன் வந்ததாம். லேப்போ பூட்டிக் கிடக்கிறது. அப்படியானால் கூப்பிட்டது யார்? தூக்கக் கலக்கத்தில் அவனுக்கு அது தோன்றவே இல்லை.

கதவோரம் இருப்பவன் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார். சொல்கிறேன்.

மச்சானுக்கு அந்த லேப்பில்தான் வேலை. கெட்டிக்காரன், ஆனால் மகா சோம்பேறி. கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவியதுமே ஓரத்தில் நோயாளி பெயரைப் பென்சிலால் எழுத வேண்டும். இவன் எழுத மாட்டான். "வரிசை எனக்குத் தெரியாதா?" என்பான்.

ஒருநாள் ஒரு வாத்தியாரும் ஒரு கறிக்கடைக்காரரும் வந்தார்கள். இருவருக்கும் ஒரே நோய். ரத்தப் புற்றுநோயில் அபூர்வமான வகை, வருஷக்கணக்கில் இழுக்கும். மருந்து கேட்குமா, ஆள் எவ்வளவு காலம் தாங்குவார் என்று டாக்டர் அந்தக் கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்வார். அன்றைக்கு வரிசை மாறிப்போனது. பிழைத்திருக்க வேண்டிய கறிக்கடைக்காரரிடம் டாக்டர் சொன்னார்: "மருந்து கேக்காதுங்க. வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

மனுஷன் நேராக லேப்புக்கு வந்தார். "தம்பி, இன்னொரு தடவ பாரு."

"அதெல்லாம் பாத்தாச்சு. கெளம்புங்க."

கண்ணாடி அலமாரியில் ஓங்கிக் குத்தினார். முழங்கைவரை கிழிந்தது. அந்த நோய்க்காரர்களுக்கு ரத்தம் லேசில் உறையாது. மச்சானின் சட்டையைப் பிடித்தபடியே தரையில் சரிந்து செத்தார். பிறகு, மருந்து ஏற்றியும் வாத்தியார் போய்ச் சேர்ந்தபோதுதான் மச்சானுக்குப் பொறி தட்டியது. கண்ணாடி மாறிப்போனதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டான்.

அந்த இரவுக்கு வருவோம். பூட்டைத் திறந்தான். பச்சைக் கறி வாடை... மைக்ராஸ்கோப் விளக்கு எரிகிறது. காலடியில் நறுக்... கண்ணாடிச் சில்லு.

பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்து, முகத்தை மேஜையில் அறைந்தது. படார். பல் தெறித்தது. மறுபடியும் படார். பிறகு அவன் கையை இழுத்து, உடைந்த கண்ணாடி விளிம்பில் வைத்து, விரலிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே இழுப்பு. அந்த ரத்தத்தில் ஒரு சொட்டு, கண்ணாடித் துண்டில் பக்குவமாகத் தடவப்பட்டது. அவன் கண் மைக்ராஸ்கோப்பில் அழுந்தியது.

"இன்னொரு தடவ பாரு."

காலையில் பெருக்க வந்த அம்மாதான் பார்த்தார். ரத்தம் அப்போதும் நிற்கவில்லை. என்ன கட்டியும் நிற்கவில்லை. நண்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சாயங்காலம் மச்சான் கண்ணை மூடினான்.

மைக்ராஸ்கோப்பில் இருந்த கண்ணாடியை அதே டாக்டர் பார்த்தார். "யாரோடது இது? இதுக்கு மருந்து கேக்காதே" என்றார்.

ஓரத்தில் பென்சிலால், அழுத்தமான கையெழுத்தில், மச்சானின் பெயர்.

தட்டில் அடுத்த கண்ணாடியும் தயாராக இருந்தது. அதில் எழுதியிருந்தது டாக்டரின் பெயர்... ரத்தம் மட்டும் இன்னும் தடவவில்லை.